கடைக்கு ஒரு பில், வீட்டுக்கு ஒரு பில்

என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறவன் இந்த உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி சொல்கிறாள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எலும்பு டாக்டரைக் கேட்டுக் கூப்பிட்டவர்களுக்குக்கூட, லைன் கிடைக்கும் இடைவெளியில், "எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையை மூவாயிரத்துக்கு முடிச்சிட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். கால் ஒடிந்து கிடந்தவர்களே வலியை மறந்து, "எந்தக் கடைம்மா?" என்று கேட்டார்களாம்.

உண்மையில் எனக்குப் பேரம் பேசவே வராது. கடைக்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் என் கை சட்டைப் பைக்குள் போய்விடும். ஒரு தடவை குடை வாங்கப் போனேன். நூற்றைம்பது என்றார். "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்ப நல்ல குடைங்க" என்று வந்தது. இரண்டு குடைகளோடு வீடு திரும்பினேன்.

அப்படிப்பட்டவன் எப்படிப் புலியானேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர் ஜனங்களில் பாதிப் பேரை நான்தான் மேலே அனுப்பினேன். தப்பாக நினைக்க வேண்டாம், பத்திரமாகக் கீழேயும் இறக்கிவிட்டேன். கல்யாணமான முதல் வருஷம், பெரிய தெருவில் இருந்த மரச்சாமான் கடையில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்போது துணிமணி எல்லாம் இரண்டு அட்டைப் பெட்டிகளில் இருந்தன. முழு விலை, இரண்டாயிரத்து நானூறு, கொடுத்து வாங்கிவந்து வைத்தேன். மனைவி விலையைக் கேட்டாள். சொன்னேன். அவள் அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏதோ எங்கள் கழுத்தைப் பிடிக்க வந்த ஆள் மாதிரி.

அவள் வளர்ந்த வீட்டில் மாசக் கடைசிப் பத்து நாள் யாரும் பேசிக்கொள்ளவே மாட்டார்களாம். வாயைத் திறந்தால் காசைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்று பயம். அந்தப் பத்து நாள் அமைதி என் வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தேன். மறுநாள் அலமாரியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து, அதே கடையில், அதே அலமாரியை, அதே விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து, "எண்ணூறு" என்றேன்.

அவளுடைய இரண்டு புருவங்களும் தரைத் தளத்திலிருந்து ஒரே மூச்சில் எட்டாவது மாடிக்கு ஏறின. நடுவில் எங்கும் நிற்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சீரான ஏற்றத்தை நான் பார்த்ததில்லை.

"எண்ணூறா! அன்னிக்கு அந்த ஆள் உங்களை ஏமாத்தப் பார்த்திருக்கான் பாருங்க!"

"விடுவேனா?" என்றேன்.

அந்தப் புருவத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். அவ்வளவுதான் கதை.

அன்றிலிருந்து மரச்சாமான் கடைக்காரர் எனக்குக் கூட்டாளி. காதில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர். கடையில் 'அனைவருக்கும் ஒரே விலை' என்று பலகை மாட்டியிருப்பார். அதை அவர் நம்பினார், உயிரைப் போல. எனக்காக மட்டும் இரண்டு பில் போடுவார். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டு பில் எழுதும் முன்னால் பென்சிலை நக்கிக்கொண்டு கேட்பார்: "இன்னிக்கு எவ்வளவுக்கு ஜெயிக்கணும் சார்?"

பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஜெயிப்பேன். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் மட்டும், வீட்டில் கவலை அதிகமாக இருந்ததால், நாலாயிரம் நாற்காலியை நானூறுக்கு ஜெயித்தேன். அது கொஞ்சம் அதிகப்படியான வெற்றிதான்.

மிச்சப் பணம் எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து. ஆபீஸ் கட்டடங்கள் காலியாக இருக்கும் ஞாயிறுகளில்தான் லிஃப்டுக்கு சர்வீஸ் செய்வார்கள். இஷ்டப்பட்டவர்கள் வரலாம், இரட்டைச் சம்பளம். நான் வீட்டில் "கட்டாய டூட்டி" என்று சொல்லிவிட்டு, கேபினின் தலையில் ஏறி உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருப்பேன்.

இந்தப் பொய்யில் ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. மலிவு என்று தெரிந்த பொருளுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. நாலாயிரம் நாற்காலி, கைப்பிடியில் இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய மரம், பால்கனியில் கிடந்தது. அதன் மேல் தரை துடைக்கிற ஈரத்துணி காயும். "நானூறு ரூபா நாற்காலிதானே, கிடக்கட்டும்" என்பாள். ஒன்பதாயிரம் மேஜையின் மேல் போர்வை விரித்து இஸ்திரி போடுவாள். ஒரு நாள் அவள் அதன் மேல் சுத்தியலால் கொட்டைகளை உடைப்பதைப் பார்த்து நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த மேஜைக்காக நான் வடித்த கண்ணீரில் ஒரு படகு விடலாம்.

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. நானும் ரிட்டயர் ஆனேன். போன மாதம் மகள் வந்தாள். அவளும் மாப்பிள்ளையும் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். வீட்டில் உட்காரக் கூட ஒன்றும் இல்லை. கையில் ஒரு நீளமான பட்டியல்: சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி, கட்டில், அலமாரி, புத்தக ஷெல்ஃப்.

"நம்ம மேஜையை எடுத்துக்கிட்டுப் போயேன்டி" என்றாள் மனைவி. இதை அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போம்மா. புது வீட்டுல போய் மூவாயிரம் ரூபா மேஜையைப் போடச் சொல்றியா?" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு உறையை நீட்டினாள். "அப்பா, கடைக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் கொள்ளை விலை. அதனால அம்மாகிட்ட நீங்க வாங்கின விலையெல்லாம் கேட்டு, இந்தக் காலத்துக்கு ரெண்டு மடங்கு போட்டு வச்சிருக்கேன். மிச்சம் இருந்தா நீங்களே வச்சுக்குங்க."

உறையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பணத்தில் கட்டிலும் அலமாரியும் வாங்கலாம். மேஜைக்குப் போனால் நாலு கால் மட்டும் வரும், பலகை வராது.

"அப்பா பார்த்துக்குவார்" என்றாள் மனைவி. புருவம் எட்டாவது மாடிக்கு ஏறிவிட்டது. "என்னங்க, இந்தத் தடவை நானும் கூட வரேன். முப்பது வருஷமாக் காதாலதான் கேக்கறேன். ஒரு தடவை கண்ணால பார்க்கணும்."

அறுந்த கயிற்றில் தொங்கும் லிஃப்டில்கூட நான் நின்றிருக்கிறேன். அப்போதுகூட இறங்க ஒரு வழி தெரிந்தது. ரிட்டயர் ஆனவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி ஏது? பென்ஷன் நேராக மனைவி கைக்குப் போகிறது. துண்டு விழுவதை நிரப்ப என்னிடம் ஒரு பொத்தான்கூட இல்லை. நான் புலி இல்லை என்று தெரிந்தால் அவள் கண்ணில் நான் யார்? கிரீஸ் வாசனை அடிக்கும் ஒரு கிழவன். முப்பது வருஷம் பொய் சொன்ன கிழவன்.

மறுநாள் காலையில் தனியாகக் கடைக்கு ஓடினேன். கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், ரெண்டு பில் போடலாம். ரெண்டு விலைக்கு மரம் வராதே."

"வேற வழி சொல்லுங்க முதலாளி."

"ஒரு தடவை தோத்துப் போங்க. புலிக்கும் வயசாகுமில்ல? நான் ஒரு பைசா குறைக்க மாட்டேன்னு முறைச்சுக்கிறேன். நீங்க மூணு தடவை கேட்டுட்டு, 'காலம் மாறிப் போச்சு'ன்னு பெருமூச்சு விட்டுட்டுக் கிளம்பிடுங்க. அம்மா உங்களைப் பார்த்துப் பாவப்படுவாங்க. பாவப்பட்டா மரியாதை போகாது."

உலகத்திலேயே பெரிய மேதை என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வார்னிஷ் ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் மனைவியோடு போனேன். அவள் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு, பெரிய கைப்பையோடு, ஏதோ விருது வாங்கும் விழாவுக்கு வருவது போல வந்தாள். கடையில் இன்னொரு பக்கம் ஒரு தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, தன் மனைவிக்குக் கட்டில் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "முதலாளி, இந்த மேஜை என்ன விலை?"

"இருபத்தெட்டாயிரம்."

"கொஞ்சம்... பார்த்து..."

"ஒரு பைசா குறையாது."

"பழகின ஆளு நான்..."

"பழகினவங்க, பழகாதவங்க எல்லாருக்கும் ஒரே விலை. போர்டைப் பார்த்தீங்களா? வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லைன்னா வழியை விடுங்க."

நன்றாகத்தான் நடித்தார். கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டார். நான் பெருமூச்சு விட நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தேன். அதை விடுவதற்குள் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"யாரைப் பார்த்து வழியை விடச் சொல்றீங்க? இந்த மனுஷன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இல்லம்மா, நான் வந்து..."

"இதெல்லாம் யார் கையெழுத்து? சொல்லுங்க." கைப்பையைத் திறந்தாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பதினோரு பில்கள். பத்திரமாக, மடிப்புக் கலையாமல். கல்யாண ஆல்பம்கூட எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்த வீட்டு பில்களை அவள் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள், யாரோ கொடுத்த பதக்கங்கள் மாதிரி. ஒவ்வொன்றாகக் கல்லா மேல் அடுக்கினாள். "அலமாரி எண்ணூறு. மேஜை மூவாயிரம். நாற்காலி நானூறு. நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின புத்தக ஷெல்ஃப் ரெண்டாயிரம். இவருக்கு இந்த விலைக்குக் கொடுத்தீங்களா, இல்லையா?"

கூட்டாளியின் காதிலிருந்து பென்சில் கீழே விழுந்தது.

தையல்காரர் மெல்ல நடந்து வந்து பில்களை எட்டிப் பார்த்தார். "என்ன முதலாளி இது? அதே ஷெல்ஃபை எனக்கு ஏழாயிரம்னு சொன்னீங்க?"

"வாங்க போகலாம்" என்று அவர் மனைவி அவருடைய அளவு நாடாவைப் பிடித்து இழுத்தாள். "போர்டு ஒண்ணு, பேச்சு ஒண்ணு. ஆளைப் பார்த்து விலை சொல்ற கடை. நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லணும்."

என் கூட்டாளி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. முகம் வியர்த்து, சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் அவர் எனக்காகப் பொய் பில் போட்டார், ஒரு டீகூட வாங்கிக்கொள்ளாமல். இப்போதும் எனக்காகவே கெட்ட பேர் வாங்கத் தயாராக நின்றார்.

இழுத்து வைத்திருந்த காற்றை விட்டேன்.

"இவர் யாருக்கும் விலை குறைச்சதே இல்லை" என்றேன். "எனக்கும் குறைக்கலை. எல்லாத்துக்கும் முழு விலைதான் கொடுத்தேன். இந்த பில்லெல்லாம் நான் கேட்டு வாங்கினது. உனக்காக."

மனைவி என்னையே பார்த்தாள்.

"அந்த அலமாரி?"

"ரெண்டாயிரத்து நானூறு. ரெண்டாவது தடவையும் அதே விலைதான்."

"மேஜை?"

"ஒன்பதாயிரம்."

"அது மேல சுத்தியலால அடிச்சேனே!"

"பார்த்தேன்."

அவள் பக்கத்தில் விற்பனைக்கு இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்து திடுக்கிட்டு எழுந்தாள். "பால்கனி நாற்காலி?"

"நாலாயிரம்."

"ஐயோ! அது மேலதாங்க ஈரத்துணியைக் காயப் போட்டுட்டு வந்திருக்கேன்!"

"தெரியும்."

"பணம் ஏது?"

"ஞாயித்துக்கிழமை."

"அது கட்டாய டூட்டின்னு சொன்னீங்க."

"கட்டாயப்படுத்தினது நான்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க ஆபீஸ் மேனேஜரை முப்பது வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் திட்டித் தீர்த்தேனே! அந்த மனுஷனுக்கு முடியெல்லாம் கொட்டினது என்னாலதானா?"

தையல்காரரின் மனைவி தன் கணவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அளவு நாடாவே தேவையில்லை, அப்படி அளந்தாள். பாவம், அந்த மனிதர் அங்கேயே கட்டிலோடு ஒரு அலமாரியும் சேர்த்து முழு விலைக்கு வாங்கிவிட்டார். கூட்டாளி பென்சிலைத் தேடி எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

டாக்ஸியில் மனைவி பேசவில்லை. அந்தப் பத்து நாள் அமைதி திரும்பி வந்துவிட்டதோ என்று நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். ஈரத்துணியை எடுத்து எறிந்தாள். நாற்காலியைத் தன் கைக்குட்டையால் கால், கைப்பிடி, முதுகு என்று துடைத்தாள். உட்கார்ந்தாள். கைப்பிடி இரண்டையும் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள்.

"என்னங்க."

"ம்."

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க வீட்டுல இருக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா? நாற்காலி வேணும்னு நான் கேட்டேனா?"

முப்பத்தாறு வருஷம் மற்றவர்களை ஏற்றி இறக்கியவன், நானே நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டி, "ஆனா நல்ல நாற்காலி" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்த தெருவில் கார்கள் எல்லாம் பிரேக் போட்டு நிற்கிற மாதிரி சிரித்தாள். "ரெண்டாவது தடவை அதே அலமாரியையா? அதே வண்டியிலயா?"

"வண்டிக்காரர்கூட அதே ஆள்தான். என்னைப் பார்த்ததும், 'போறதா வர்றதா சார்?'னு கேட்டார்."

சாயங்காலம் மகள் வந்தாள். உறையைத் திருப்பிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொள்வாள் என்று பார்த்தால், நேராகப் போய் மேஜையைத் தடவினாள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒரே பலகை! இதையே எடுத்துக்கறேன்."

"கையை எடுடி" என்றாள் என் மனைவி.

"நீதானே இத்தனை வருஷமா எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னே?"

"அப்ப அது மூவாயிரம் ரூபா மேஜை."

அதற்குப் பிறகு நான் பார்த்ததுதான் பேரம். தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம். மேஜை கொடுத்தால் அலமாரி கிடையாது. அலமாரி வேண்டுமென்றால் ஷெல்ஃபை விடு. மேஜையைச் சுற்றியிருக்கும் ஆறு நாற்காலியில் நாலு. சரி, அஞ்சு. மகள் எழுந்து வாசல்வரை போவாள், மனைவி திரும்பிக் கூப்பிடுவாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மகள் கொஞ்சுவாள். இந்த இரண்டு பேரையும் வீட்டில் வைத்துக்கொண்டு என்னைப் போய்க் கடைக்கு அனுப்பினார்களே!

கடைசியில் முடிந்தது இப்படி: மேஜையும் ஆறு நாற்காலியும் ஷெல்ஃபும் மகளுக்கு. மாதத்துக்கு ஒரு தடவை மனைவி போய் மேஜையைப் பார்ப்பாள், அதில் யாரும் இஸ்திரி போடக்கூடாது. கண்ணாடி அலமாரி எங்களுக்கு. பால்கனி நாற்காலியைப் பற்றி யாரும் பேசவே கூடாது. உறையில் இருந்த பணத்தில் கட்டிலும் அலமாரியும் வாங்கி, மகள் வீடு நிறைந்துவிட்டது.

எங்களுக்குத்தான் சாப்பிட மேஜை இல்லை. நேற்று, சனிக்கிழமை, இரண்டு பேரும் கடைக்குப் போய், இரண்டு பேர் உட்காரும் சின்ன மேஜை ஒன்று எடுத்தோம். கூட்டாளி பழக்க தோஷத்தில் பென்சிலை நக்கிக்கொண்டு, "எவ்வளவுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, மனைவியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு பில் போதுங்க" என்றாள் அவள். பென்ஷன் பணத்தில் ஏழாயிரத்து இருநூறை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே கொடுத்தாள். மயக்கம் போடவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது.

மேஜையை வீட்டுக்குள் ஏற்றும்போது மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்தார். "அடடா, அழகா இருக்கே! என்ன விலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முன்னால் வந்தாள்.

"நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

"ஒரு ஏழாயிரம் இருக்குமா?"

"ஏழாயிரமா!" மனைவி சிரித்தாள். ஒரு இமைகூட ஆடவில்லை. "ரெண்டாயிரத்து நானூறு. இவர் போய் நின்னாலே அந்தக் கடைக்காரருக்குக் கை நடுங்குதுங்க. நான் கண்ணாலயே பார்த்தேன், பென்சில் கீழ விழுந்துடுச்சு."

பென்சில் விழுந்தது என்னவோ நிஜம்தான்.

டீச்சரின் கண் விரிந்தது. "அப்ப ஒரு உதவி. நாளைக்கு நாங்க ஃபிரிட்ஜ் வாங்கப் போறோம். சாரைக் கொஞ்சம் கூட அனுப்பறீங்களா?"

"அதுக்கென்ன, தாராளமா!" என்றாள் மனைவி.

டீச்சர் சந்தோஷமாகப் படியேறினார். கதவைச் சாத்தியதும் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். புருவம் இரண்டும் எட்டாவது மாடியில் நின்றன. கொஞ்சம் எண்ணெய் போட்ட மாதிரி, முன்பைவிட இன்னும் சுலபமாக ஏறியிருந்தன.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள். "நீங்க எங்கயும் போகப் போறதில்லை. உங்களுக்குக் காய்ச்சல்."

இன்று காலை டீச்சர் வந்து கதவைத் தட்டியபோது, நான் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அந்த நாலாயிரம் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். எனக்கு நூற்றுப் பத்து டிகிரி காய்ச்சல் என்று மனைவி வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன மேஜையில் இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தது.